ஆய்வகத்துக்குள் வரும் கதிரியக்கப் பொருள்: யார் பெறுவது, யார் கணக்கு வைப்பது?

ஒரு பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிறுவனமோ கதிரியக்கப் பொருள்களை வரவழைத்துப் பயன்படுத்த முடிவு செய்யும்போது, அவற்றின் வரவை யார் பொறுப்பில் விடுவது என்ற கேள்விக்கு நடைமுறையில் மூன்று விடைகள் இருக்கின்றன. வேண்டிய துறையே நேரடியாக வரவழைத்துப் பெற்றுக்கொள்ளலாம். நிறுவனம் முழுவதற்கும் ஒரே வரவு மையம் வைத்து, கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரின் கையெழுத்து இல்லாமல் எந்தப் பொதியும் ஆய்வகத்துக்குப் போகாதபடி செய்யலாம். அல்லது அனுமதியையும் கணக்கையும் மையத்தில் வைத்துக்கொண்டு பொதியை மட்டும் துறையிலேயே இறக்கலாம். பொருளைக் கொண்டுவராமலே வேலையை முடித்துக்கொள்வது என்ற நான்காவது வழியும் உண்டு. குழுக்கூட்டங்களில் அதை யாரும் முதலில் எடுப்பதில்லை. இந்த வழிகளை இந்தியச் சூழலில் வைத்து ஒப்பிடுவதே இக்கட்டுரையின் வேலை.

ஒப்பிடுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் பொதி வந்து சேரும் நாள் அல்ல. அந்த நாளில் எந்த ஏற்பாடும் ஒழுங்காகவே தெரியும்: வேண்டியவர் காத்திருக்கிறார், தாள்கள் புதியவை, பொருளின் பெயரும் அளவும் எல்லாருக்கும் நினைவில் இருக்கின்றன. வரவழைத்தவர் ஓய்வு பெற்றுப் போன பிறகோ, திட்டத்தின் நிதி தீர்ந்து ஆய்வு மாணவர்கள் கலைந்த பிறகோ, எஞ்சிய பொருள் யாருடையது என்று கேட்டால் நிறுவனத்தால் பதில் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வரவுக் கட்டுப்பாடு என்பது உண்மையில் உரிமையாளரை நிர்ணயிக்கும் வேலை.

தில்லி மாயாபுரி நிகழ்வு இதற்கு மறுக்க முடியாத சான்று. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்காக 1960களின் இறுதியில் கனடாவிலிருந்து வாங்கப்பட்ட காமாசெல் கதிர்வீச்சுக் கருவி ஒன்று கோபால்ட்-60 மூலத்துடன் (கதிரை உமிழும் பொருளுடன்) நிறுவப்பட்டு, 1985 அளவில் பயன்பாட்டிலிருந்து விலகியது. கால் நூற்றாண்டுக் காலம் ஓர் அறையில் கிடந்த பின், 2010 பிப்ரவரியில் பழைய பொருள்களோடு சேர்த்து ஏலம் விடப்பட்டு, மாயாபுரியின் காயலான் கடைகளில் உடைக்கப்பட்டது. ஏப்ரலில் கதிர்வீச்சு நோயுடன் ஏழு பேர் மருத்துவமனைகளில் சேர, அவர்களில் ஒருவர் இறந்தார்; அணு நிகழ்வுகளுக்கான பன்னாட்டு அளவுகோலில் இது 4ஆம் நிலையில் வைக்கப்பட்டது. கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 5.27 ஆண்டு என்பதால், வாங்கியபோது இருந்த கதிரியக்கத்தில் அப்போது ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கே மிஞ்சியிருக்கும். அந்த மிச்சமே ஓர் உயிரைக் கொண்டுபோனது. அக்கருவி திருட்டுத்தனமாக உள்ளே வந்ததல்ல, எல்லாருக்கும் தெரிந்தே வந்தது. அது வந்த காலத்தில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமே கிடையாது, வாரியம் அமைந்தது 1983இல்தான். ஆனால் வெளியே போனபோது வாரியமும் இருந்தது, விதிகளும் இருந்தன. அறையில் நிற்பது என்ன என்று சொல்லக்கூடிய ஒருவர்தான் ஏலப் பட்டியல் தயாரான மேசையில் இல்லை.

துறையே நேரடியாகப் பெறும் முறை

மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்களில் நெடுங்காலம் இருந்துவந்த பழக்கம் இதுதான். நவி மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்பு தொழில்நுட்ப வாரியம், அதாவது பிரிட், பாஸ்பரஸ்-32 ஏற்றிய நியூக்ளியோடைடுகளை (டி.என்.ஏ.வின் கட்டுமான அலகுகளை) ஐதராபாத்திலுள்ள தன் ஜொனாகி ஆய்வகம் வழியாக வழங்கி வந்திருக்கிறது. ஆய்வாளர் இண்டென்ட் எனப்படும் கொள்முதல் கோரிக்கை போடுகிறார், பொதி வருகிறது, ஆய்வு மாணவர் ஒருவர் கையெழுத்துப் போட்டு எடுத்துச் சென்று குளிர்பெட்டியில் வைக்கிறார்.

இதன் பக்கம் உள்ள வாதம் வேகம். பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுட்காலம் 14.3 நாள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு கதிரியக்கம் குறைகிறது. வெள்ளி மாலை வந்த பொதி திங்கள் மாலை வரை ஒரு மைய அறையில் பூட்டிக் கிடந்தால், கொடுத்த காசில் 13 முதல் 14 விழுக்காடு சும்மா போய்விடும். உலர்பனியில் வரும் பொதியாக இருந்தால் பனி ஆவியாகிப்போய் மூலக்கூறே கெட்டுப்போகும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. ஆய்வாளர்களின் பொறுமையின்மையை அதிகாரத் தரப்பினர் அகம்பாவம் என்று தள்ளிவிடுவதுண்டு; இந்தக் கணக்கைப் பார்த்தால் அதில் நியாயம் இருப்பது தெரியும்.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஐந்து ஆய்வகங்கள் தனித்தனியே வரவழைத்தால் ஐந்து பதிவேடுகள் உருவாகும். நிறுவனத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த அளவை எல்லாம் சேர்ந்து தாண்டிவிட்டதா என்பதை எந்த ஒரு பதிவேடும் சொல்லாது. பெற்றுக்கொள்ளும் மாணவருக்குப் பொதியைச் சோதிக்கும் பயிற்சி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாணவர் பட்டம் வாங்கிப் போகும்போது அவர் எழுதிவந்த நோட்டும் பெரும்பாலும் அவரோடு போய்விடுகிறது. ஆறு மாதத்தில் அழிந்துவிடும் பாஸ்பரஸுக்கு இது பெரிய இழப்பாகாது. 12.3 ஆண்டு அரை ஆயுட்காலம் உள்ள டிரிட்டியத்துக்கும், 5,700 ஆண்டு உள்ள கார்பன்-14க்கும் இதே பழக்கம் தொடர்ந்தால், அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்வது பெயர் அழிந்த குப்பிகளைத்தான். இவ்விரண்டும் மெல்லிய பீட்டாக் கதிர்களையே உமிழ்கின்றன. டிரிட்டியத்தைச் சாதாரண கைகர் கருவி காட்டவே காட்டாது. திரவ மிளிர்வு எண்ணியில் வைத்து எண்ணினால்தான் தெரியும்.

ஒரே வரவு மையம்

இரண்டாம் வழியில் எல்லாப் பொதிகளும் ஓர் அறைக்கு வருகின்றன. அங்கே நடப்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த முறையின் செலவும் பயனும் அந்தச் சில நிமிட வேலையில்தான் அடங்கியிருக்கின்றன.

பொதி நனைந்தோ நசுங்கியோ இருக்கிறதா என்று முதலில் பார்க்கப்படுகிறது. அதன் மேல் ஒட்டியுள்ள, கதிர்வீச்சின் அளவைக் காட்டும் வில்லை வெள்ளை-1ஆ, மஞ்சள்-2ஆ, மஞ்சள்-3ஆ என்று குறித்துக்கொண்டு, மேற்பரப்பிலும் ஒரு மீட்டர் தொலைவிலும் அளவி வைத்துக் கதிர்வீச்சு வீதம் அளக்கப்படுகிறது. வெள்ளை-1 என்றால் மேற்பரப்பில் மணிக்கு 5 மைக்ரோ சீவர்ட்டுக்கு (சீவர்ட் என்பது உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு) மேல் இருக்கக்கூடாது. பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, வடிதாள் வட்டம் ஒன்றால் அட்டைப்பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்து அதை எண்ணியில் வைக்கிறார்கள். பீட்டா, காமா உமிழும் பொருள்களுக்கு, துடைத்தால் ஒட்டிவரும் மாசு சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கெரல் (கதிரியக்கத்தின் அலகு) என்ற போக்குவரத்து வரம்புக்குள் இருக்க வேண்டும். அதன் பின்னரே பெட்டி பிரிக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் காப்புக் கலமும் அதே வகையில் துடைத்துப் பார்க்கப்படுகிறது. குப்பியின் மேலுள்ள பொருள், அளவு, குறிப்புத் தேதி ஆகியவை இண்டென்டோடு ஒத்துப்பார்க்கப்பட்டு, நிறுவனத்தின் சொந்த எண் ஒன்று குப்பிக்கு இடப்படுகிறது. கடைசியாக, காலிப் பெட்டியைக் குப்பைக்கு அனுப்பும் முன் அதன் மேலுள்ள, கதிர்வீச்சைக் குறிக்கும் மூவிதழ்ச் சின்னத்தைக் கிழித்தோ கறுப்பு மை பூசியோ அழித்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறப்பவர்கள் அதிகம்; சின்னத்தோடு கிடக்கும் வெற்றுப் பெட்டி துப்புரவுப் பணியாளருக்கு வீண் பீதியைத் தரும், அதையே நாலு முறை பார்த்துப் பழகியவர் ஐந்தாவது முறை உண்மையான சின்னத்தையும் பொருட்படுத்த மாட்டார்.

பயிற்சி பெற்ற ஒருவர் இதை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி, வில்லை ஒட்டிய பொதியை வேலை நேரத்தில் வந்தால் மூன்று மணி நேரத்துக்குள்ளும், வேலை நேரம் கடந்து வந்தால் அடுத்த வேலைநாள் தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள்ளும் சோதித்தாக வேண்டும் என்கிறது. நம் நிறுவனம் தன் உள்விதியில் இதே காலவரையறையை எழுதிக்கொண்டால், மையம் வைத்தால் தாமதம் என்ற வாதம் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். மையத்தால் தாமதம் ஏற்படுவது சோதனையினால் அல்ல. சோதிக்க வேண்டியவர் விடுப்பில் இருக்கும்போது அவருக்கு மாற்று ஆள் இல்லாததினால்.

மையத்துக்கு ஆதரவாக அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. தனி வரவு அறை இல்லாத இடங்களில் பொதி முதலில் போய்ச் சேர்வது ஸ்டோர்ஸுக்கு. ஸ்டோர்ஸ் எழுத்தர் கதிரியக்கப் பணியாளர் அல்லர். அவருக்குப் பொருந்துவது ஆண்டுக்கு 1 மில்லி சீவர்ட் என்ற பொதுமக்கள் வரம்பு, ஆண்டுக்குச் சராசரி 20 மில்லி சீவர்ட் என்ற பணியாளர் வரம்பு அல்ல. மஞ்சள்-2 வில்லை ஒட்டிய பொதியின் மேற்பரப்பில் மணிக்கு 0.5 மில்லி சீவர்ட் வரையும், ஒரு மீட்டர் தொலைவில் 0.01 மில்லி சீவர்ட் வரையும் இருக்க அனுமதி உண்டு. உயிரியல் ஆய்வகங்களுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இந்த உச்சத்தை நெருங்குவதில்லை. ஆனால் நாற்காலியை ஒட்டி வார இறுதியெல்லாம் வைத்துவிட்டுப் போகத்தக்க பொருளல்ல அது என்பதை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

மையத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1995இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் பெதஸ்டா வளாகத்தில் கர்ப்பிணியான ஆய்வாளர் ஒருவரின் உடலுக்குள்ளும், குளிர்நீர்க் கலன் ஒன்றின் வழியாக மேலும் இருபத்தாறு பேரின் உடலுக்குள்ளும் பாஸ்பரஸ்-32 சென்றது. யாரோ வேண்டுமென்றே செய்த செயல் என்று கருதப்பட்ட அந்நிகழ்வில் பயன்பட்டது ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் பொருள். குப்பி வரவு அறையைத் தாண்டி ஆய்வகக் குளிர்பெட்டிக்குள் போன பிறகு, பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா, எடுத்த மைக்ரோ லிட்டர்கள் எழுதப்படுகின்றனவா என்பதை வரவு மையத்தால் பார்க்க முடியாது. மையம் வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் ஆய்வகச் சோதனைகளைக் குறைத்துக்கொள்ளும் நிறுவனம், ஒரு கதவை அடைத்து மற்றொன்றைத் திறந்துவிடுகிறது.

அனுமதி மையத்தில், பொதி துறையில்

மூன்றாம் வழியைச் சமரசம் என்று சிலர் இளக்காரமாகச் சொல்வார்கள். வளாகம் பரந்து கிடக்கும் இடங்களிலும், ஓரிரு ஆய்வகங்கள் மட்டுமே கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் இடங்களிலும் இது நன்றாகவே வேலை செய்யும். இதில் கட்டுப்பாட்டின் பிடி பொதியின் மேல் இல்லை, கொள்முதல் உத்தரவின் மேல் இருக்கிறது. இந்தியாவில் அனுமதிக்கான விண்ணப்பங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா இணையத் தளம் வழியாகவே போவதால், நிறுவனத்தின் உள்ளே இயற்கையான ஒரு கணவாய் ஏற்கெனவே இருக்கிறது. பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதல் எண் இல்லாமல் நிதிப் பிரிவு பில்லைத் தொடாது என்ற ஒற்றை விதி, காவலர்கள் பத்துப் பேரைவிடக் கூடுதலாகத் தடுக்கும்.

கொள்முதலைப் பிடித்துக்கொள்வதில் மற்றொரு பெரிய ஆதாயம், ‘ஐசோடோப்பு’ என்ற பெயரில் வராதவையும் வலையில் விழும் என்பது. வாயு நிறப்பகுப்பிக் கருவியை எலக்ட்ரான் கவர்வு உணரியோடு வாங்கும் வேதியியல் துறைக்கு, அந்த உணரிக்குள் நூறு ஆண்டு அரை ஆயுட்காலம் கொண்ட நிக்கல்-63 இருக்கக்கூடும் என்பது விலைப்பட்டியலின் அடிக்குறிப்பில்தான் தெரியவரும். திரவ மிளிர்வு எண்ணிகள் பலவற்றுக்குள் அளவுத்திருத்தத்துக்காகச் சீசியம்-137 அல்லது பேரியம்-133 மூலம் ஒன்று மறைந்திருக்கிறது. மண்ணியல், கட்டடப் பொறியியல் துறைகள் வாங்கும் ஈரப்பத-அடர்த்தி அளவியில் சீசியமும் அமெரிசியம்-பெரிலியமும் உண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கிக் கூடத்தின் அலமாரியில் நிற்கும் யுரேனைல் அசிடேட் சாதாரண வேதிப்பொருள் பட்டியலிலிருந்து வாங்கப்பட்டிருக்கும். இவற்றில் எதுவும் பாதுகாப்பு அலுவலரின் மேசைக்குத் தானாக வராது. கருவி என்ற தலைப்பில், கருவிக்கான நிதியில், நேரே துறைக்குப் போய்விடும். மாயாபுரியை நினைத்துப் பாருங்கள்: அங்கேயும் ஏலம் போனது ‘கதிரியக்கப் பொருள்’ அல்ல, ஒரு பழைய கருவி.

இம்முறை பிடிக்காமல் விடுவது கொள்முதலே இல்லாத வரவுகளை. வேறு நிறுவனத்து நண்பர் கொடுத்தனுப்பும் குப்பி, இடம் மாறி வரும் பேராசிரியர் தன் பழைய ஆய்வகத்திலிருந்து எடுத்துவரும் பெட்டி, நன்கொடையாக வரும் பழைய கருவி ஆகியவற்றுக்குப் பில்லே கிடையாது. புதிதாகச் சேரும் ஆசிரியரிடம் வாங்கும் உறுதிமொழியிலும், நன்கொடை ஏற்புப் படிவத்திலும் ஒரு கேள்வியைச் சேர்ப்பதைத் தவிர இதற்கு எளிய மருந்து எனக்குத் தெரியவில்லை.

வாயிலில் உணரி வைப்பது

கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து, நுழைவாயிலில் கதிர்வீச்சு உணரி வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பார். வாயில் உணரிகள் காமாக் கதிர்களைப் பிடிப்பவை; சில நியூட்ரானையும் பிடிக்கும். டிரிட்டியம், கார்பன்-14, கந்தகம்-35 ஆகியவை அவற்றின் கண்ணுக்குத் தெரியா. அக்ரிலிக் உறைக்குள் வரும் பாஸ்பரஸ்-32உம் பெரும்பாலும் தப்பிவிடும். ஆய்வகத்துக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் இந்த வகைதான். மாறாக, முந்தைய நாள் எலும்பு ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஊழியரைக் கண்டால் அது அலறும். பணம் இருந்தால் அந்த உணரியை உள்ளே வரும் வாசலில் வைக்காமல், பழைய இரும்பும் குப்பையும் வெளியே போகும் வாசலில் வையுங்கள் என்பேன். மறந்துபோன கோபால்ட்டும் சீசியமும் போகும் வழி அதுதான், கனத்த காப்புக்குள் மறைந்திராவிட்டால் அவற்றை அந்த உணரி பிடிக்கும்.

கொண்டுவராமல் இருப்பது

பாஸ்பரஸ்-32 கொண்டு செய்துவந்த, டி.என்.ஏ. இழைகளை இணைத்துப் பார்க்கும் கலப்பாக்கச் சோதனைகளில் பலவற்றை இன்று ஒளிர்வு வேதிவினை, ஃபுளோரசன்ஸ், டைகாக்சிஜெனின் அடையாளமிடல் ஆகியவற்றால் செய்துவிடலாம். அனுமதி, பதிவேடு, பெற்ற கதிர்வீச்சை அளக்க மார்பில் அணியும் டி.எல்.டி. வில்லை, கதிரியக்கக் கழிவு வைக்கும் அறை எல்லாம் மிச்சம். கைனேஸ் நொதிச் சோதனைகள், மிகக் குறைந்த அளவிலான பிணைப்பு ஆய்வுகள் போன்றவற்றில் கதிரியக்க முறையின் நுட்பத்தை மற்றவை இன்னும் முழுமையாக எட்டவில்லை என்பதால், முழுத் தடை என்பது அறிவியலுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் இண்டென்ட் படிவத்தில் ‘மாற்று முறை ஏன் பயன்படாது’ என்று ஒரு கட்டம் இருந்தால், அதை நிரப்ப உட்காரும் ஆய்வாளர்களில் சிலர் தாமாகவே எழுந்து போய்விடுவார்கள்.

எந்த நிறுவனத்துக்கு எது

பத்துக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் திறந்தநிலை (குப்பியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும்) ஐசோடோப்புகளைக் கையாளும் பெரிய வளாகத்துக்கு ஒரே வரவு மையம்தான் சரி. அதற்குத் தனி அறையும், விடுப்பிலும் வேலை நடக்க இரண்டாவது பயிற்சி பெற்ற ஆளும் தர முடியாதென்றால், அந்த நிறுவனம் பத்து ஆய்வகங்களுக்கு அனுமதி வாங்கியிருக்கவே கூடாது. ஓரிரு ஆய்வகங்கள் மட்டும் உள்ள கல்லூரிக்கு மூன்றாம் வழி போதும். பாதுகாப்பு அலுவலர் பொதி வரும் நேரத்துக்கு அந்த ஆய்வகத்துக்கே நடந்துபோய் மேலே சொன்ன சோதனையைச் செய்துவிட்டு வரலாம். துறையே தன் போக்கில் பெறும் முதல் வழியை, குறுகிய ஆயுள் கொண்ட சிறு அளவுகளுக்குக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே ஆபத்து பெரிதென்பதால் அல்ல; சிறு அளவுக்கென்று தளர்த்திய பழக்கம் பெரிய மூலம் வரும்போது இறுகுவதை நான் பார்த்ததில்லை.

உறைக்குள் நிரந்தரமாக மூடிய அடைப்பிட்ட மூலங்கள் எந்த வளாகமானாலும் தனி ரகம். காமா கதிர்வீச்சுக் கருவி போன்றவற்றை வாங்கும்போதே, பயன் முடிந்ததும் வழங்கியவரே திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற ஒப்பந்தமும் அதற்கான பணமும் கையில் இருக்க வேண்டும். திரும்ப அனுப்பும் செலவு, வாங்கிய திட்டம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து வருவதால், அப்போது எந்தத் துறையும் அதைத் தன் வரவுசெலவில் ஏற்காது. அத்தகைய கருவியின் பொறுப்பாளராகப் பேராசிரியரின் பெயரை எழுதாமல் பதவியின் பெயரை எழுத வேண்டும். ஆள் மாறும்போது, நூலகப் பாக்கி இல்லை என்று சான்று வாங்குகிற அதே தாளில், தன் பெயரிலுள்ள மூலங்களும் குப்பிகளும் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன என்று பாதுகாப்பு அலுவலர் கையெழுத்திட ஒரு வரி வேண்டும். அந்த வரி நிரம்பாமல் ஓய்வூதியக் கோப்பு நகரக் கூடாது. ஏலத்துக்குப் போகும் கழிவுப் பட்டியலிலும் அதே கையெழுத்துக்கு இடம் ஒதுக்கலாம். இவ்விரண்டுக்கும் பதிவாளர் அலுவலகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். வரவு அறை கட்டி முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை.